பட்டமும் வேணும்... கையும் வேணும்!



தலைப்பை ஒரு தடவை ஞாபகப்படுத்திக்கொள்கிறேன். ஏனென்றால் சென்னை அணியில் பேசிய தம்பி கடைசி அஞ்சு நிமிஷம் மெரினா கடற்கரையைப் பற்றித்தான் பேசினார். (சிரிப்பு) சித்த மருத்துவம் படிக்க இரண்டு அரசுக் கல்லூரியிலும் இடம் இருந்தால் பிள்ளை சேர வேண்டியது பாளையங்கோட்டையா, சென்னையா? இதுதான் கேள்வி. நான் பாளையங்கோட்டை அணி. பாளையங்கோட்டை என்றதும் நம் நடுவர் முகத்தில் ஒரு கலவரம். ஐயா, அங்கே மத்தியச் சிறை மட்டும் இல்லை, 1964-இல் இருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது! (சிரிப்பு, கைதட்டல்)

இது ஏதோ சிரித்துவிட்டுப் போகிற தலைப்பு என்று நினைக்காதீர்கள். போன வாரம் இதே கொட்டாரம் சந்திப்பில் ஒரு தகப்பனார் என்னைப் பிடித்து நிறுத்தினார். பேர் வேண்டாம், கூட்டத்தில் இருப்பார். "சாரே, ஒரு காரியம் கேக்கணும். பிள்ளைக்குச் சித்தா கெடைக்கும்போல இருக்கு. மார்க்கைப் பாத்தா ரெண்டு காலேஜும் கெடைக்கும்னு சொல்லுகாவ. அவ அம்மை மெட்ராசுக்குப் போட்டும்ங்கா. எங்க அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேங்காரு. எதுல சேக்கட்டும்?" என்றார்.

அந்த அப்பா, அதாவது பிள்ளையின் தாத்தா, யார் தெரியுமா? வர்ம ஆசான். கை பிசகினாலும் கால் பிசகினாலும் சுற்றுவட்டாரத்தில் அவர் வீட்டுத் திண்ணைக்குத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். வீட்டில் ஏடு இருக்கிறது. மகன் படித்து அரசு வேலைக்குப் போய்விட்டார். பேத்தி வைத்தியம் படிக்கப் போகிறாள். பெண்பிள்ளைக்கு வர்மம் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. இப்போது கேள்வியின் கனம் தெரிகிறதா? பாளையங்கோட்டையா சென்னையா என்பது ரயில் டிக்கெட் விஷயம் இல்லை, நடுவர் அவர்களே.

எதிரணி சொன்னதில் பாதி உண்மை. அதை மறைத்தால் நான் பேசுவதில் அர்த்தம் இல்லை. சென்னை அரும்பாக்கத்தில் கல்லூரி இருக்கிற அதே வளாகத்தில் மத்திய அரசின் சித்த ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் 2005-இல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. மேல்படிப்புக்கு ஆசைப்படுகிற பிள்ளைக்கு இதெல்லாம் கண்ணுக்கு முன்னால் இருப்பது நல்லதுதான். ஆனால் அம்மா, தாம்பரத்தில் இருப்பது மேற்படிப்பு. அதற்கு அகில இந்திய நுழைவுத்தேர்வு உண்டு. பாளையங்கோட்டையில் படித்துவிட்டு அந்தத் தேர்வு எழுதினால் தாளில் திருநெல்வேலி அல்வா ஒட்டிக்கொண்டிருக்கும் என்று மார்க்கைக் குறைத்துவிடுவார்களா? (சிரிப்பு) அதுவும் போக, பாளையங்கோட்டையிலேயே மேற்படிப்பு இருக்கிறது. பட்டம் தருவது இரண்டுக்குமே எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். இரண்டிலும் நாலரை வருஷப் படிப்பு, ஒரு வருஷம் பயிற்சி. அரசுக் கட்டணம். காகிதத்தில் பார்த்தால் பத்துப் பைசா வித்தியாசம் கிடையாது.

அப்போ வித்தியாசம் எங்கே? கையில் இருக்கிறது.

சித்த மருத்துவத்தில் அகமருந்து 32, புறமருந்து 32 என்று கணக்கு. புறமருத்துவத்தில் தொக்கணம் என்று ஒன்று உண்டு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று அது ஒன்பது வகை. வர்மம் 108. அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. இந்தக் கணக்கைப் புத்தகம் படித்து ஒரே ராத்திரியில் மனப்பாடம் செய்யலாம். நானே செய்துவிட்டேன், நான் தமிழ் வாத்தியார்! (சிரிப்பு) அதற்காக உங்களுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டால் என்னிடம் வருவீர்களா? எந்த இடத்தில், எத்தனை விரலால், எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம்... இது ஏட்டில் வராது. ஒருத்தர் கை மேல் இன்னொருத்தர் கையை வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டிய வித்தை.

'உலகம் முழுக்கப் பெரிய படிப்புக்குப் பெரிய நகரத்துக்குத்தான் போகிறார்கள்' என்று எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டார். உலகத்துக்கே போவோம். அமெரிக்காவில் இரண்டு விதமான டாக்டர்கள் உண்டு. ஒருத்தர் எம்.டி., இன்னொருத்தர் டி.ஓ. இந்த டி.ஓ. என்பது ஆஸ்டியோபதி. எலும்பு, மூட்டு, தசை இவற்றைக் கையால் தொட்டு, அழுத்தி, நெகிழ்த்திச் சரிசெய்யும் முறை. நம் ஊர் ஆசானுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தொடங்கியவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். 1864-இல் மூளைக்காய்ச்சல் வந்து அவர் பிள்ளைகள் மூணு பேர் செத்துப்போனார்கள். அவரே டாக்டர், கையில் இருந்த மருந்தால் ஒண்ணும் செய்ய முடியவில்லை. அந்த வேதனையில் வேறு வழி தேடினார். 1892-இல் ஒரு கல்லூரி ஆரம்பித்தார். எங்கே? நியூயார்க்கிலா? சிகாகோவிலா? மிசௌரி மாநிலத்தில் கிர்க்ஸ்வில் என்கிற சின்ன ஊரில்! முதல் வகுப்பிலேயே பெண்களையும் சேர்த்தார். கல்லூரி இன்றைக்கும் அதே ஊரில் அவர் பேரில் நடக்கிறது. (கைதட்டல்)

கைதட்டாதீர்கள், கதை இன்னும் முடியவில்லை. எனக்குப் பயமாக இருப்பது அடுத்த பாகம். 1960-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் இரண்டு தரப்புக்கும் ஓர் ஒப்பந்தம். 65 டாலர் கட்டினால் டி.ஓ. பட்டத்தை எம்.டி. பட்டமாக மாற்றிக்கொள்ளலாம். இரண்டாயிரம் பேருக்கு மேல் மாற்றிக்கொண்டார்கள். கல்லூரியே பெயர் மாறிவிட்டது. பின்னால் டி.ஓ.க்களுக்கு எல்லா மாநிலத்திலும் முழு டாக்டர் உரிமை கிடைத்தது. 2020-இல் இரு தரப்பின் பயிற்சி முறையும் ஒன்றாகிவிட்டது. நல்லதுதான், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் கை என்ன ஆச்சு? இன்றைக்குப் பட்டம் வாங்குகிற டி.ஓ.க்களில் பல பேர் நோயாளி மேல் கை வைத்துச் செய்யும் அந்தச் சிகிச்சையை அதிகம் செய்வதே இல்லை. பட்டம் ஜெயித்தது, கை மெலிந்துபோனது.

நம் ஊரில் நிலைமை தலைகீழ். இங்கே ஆசானிடம் கை இருக்கிறது, பட்டம் இல்லை. 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கேரளத்துப் பாரம்பரிய வைத்தியர்கள் போட்ட வழக்கு. அங்கே பேசப்பட்ட சட்டம் எது தெரியுமா? 1953-ஆம் வருஷத்துத் திருவிதாங்கூர்-கொச்சி வைத்தியச் சட்டம். அன்றைக்கு இந்தக் கொட்டாரமும் அந்த ராஜ்யம்தானே! 1956 நவம்பர் ஒண்ணாம் தேதிதான் நாம் இந்தப் பக்கம் வந்தோம். தகுதியும் பதிவும் இல்லாமல் வைத்தியத் தொழில் செய்யக் கூடாது என்றது தீர்ப்பு. எனக்கு அதில் குறை சொல்லத் தோன்றவில்லை. தொடை எலும்பு நொறுங்கியவனுக்கு எண்ணெய் போட்டுக் கட்டி வைத்து, கால் அழுகின பிறகு ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற கொடுமை நடக்கக் கூடாது பாருங்கள். எக்ஸ்ரே பார்க்கத் தெரியணும். தன் கைக்கு அடங்காததை அடுத்த கைக்கு அனுப்பத் தெரியணும். அதற்குத்தான் படிப்பு.

ஆக, ஆசானிடம் இருக்கிற கையும் கல்லூரி கொடுக்கிற பட்டமும் ஒரே ஆளிடம் சேரணும். யாரிடம் சேரும்? தாத்தாவுக்கு இனிப் பட்டம் வராது. பேத்திக்குக் கை வரலாம், அவள் பக்கத்தில் இருந்தால்!

நாகர்கோவிலில் இருந்து பாளையங்கோட்டை சுமார் 80 கிலோமீட்டர். சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறினால் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் தாத்தா திண்ணையில் உட்காருகிறாள். போன வாரம் தோள் இறங்கி வந்தவர் இந்த வாரம் எப்படி இருக்கிறார் என்று பார்க்கிறாள். கட்டுப் போட்ட நாளும் தெரியும், கட்டு அவிழ்க்கிற நாளும் தெரியும். சென்னையில் சேர்ந்தால்? கன்னியாகுமரி எக்ஸ்பிரசில் ஒரு முழு ராத்திரி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவாள். முறுக்கு தின்பாள், போவாள். (சிரிப்பு) அஞ்சரை வருஷம் கழித்து டாக்டராக இறங்குகிறபோது தாத்தா இருப்பாரா? கொஞ்சம் கடுமையாகப் பேசுகிறேன், மன்னிக்கணும். அவருக்கு வயசு எண்பதை நெருங்குகிறது.

'பெண்பிள்ளைக்குத்தான் அவர் சொல்லிக்கொடுக்க மாட்டாரே' என்று எதிரணி அம்மா இங்கிருந்தே கையைத் தூக்குகிறார்கள். நியாயமான கேள்வி. நான் சொல்கிறேன் அம்மா... பாளையங்கோட்டையில் அவள் படிக்கிற பாடத்திலேயே வர்மமும் புறமருத்துவமும் இருக்கிறது. பரீட்சைக்குப் படித்துவிட்டு வந்து, "தாத்தா, எங்க சாரு இந்த அடங்கலை இப்படித்தான் சொன்னாரு" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா காட்டட்டும். தப்பாகக் காட்டினால் இன்னும் நல்லது! எந்த ஆசானாவது தப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா? "அங்க இல்ல மக்களே, இந்தா இங்க" என்று கை தானாக நீளும். (பலத்த கைதட்டல்) முன்னூறு வருஷ வழக்கம் அந்த ஒரு விரலில் உடைந்துபோகும். சென்னையில் இருந்து போனில் இதைச் செய்ய முடியுமா?

இன்னொன்று, மருந்து. நம் தாலுகாவுக்குப் பேரே அகஸ்தீஸ்வரம். கொட்டாரத்துக்குப் பக்கத்திலேயே மருந்துவாழ்மலை. பாளையங்கோட்டைக்கு மேற்கே பொதிகை. மூலிகையைச் செடியாக, மண்ணோடு பார்த்துப் படிக்க இதைவிட என்ன வேணும்? அரும்பாக்கத்தில் பாட்டிலில் பார்க்கலாம். சரி, மூலிகைத் தோட்டம் அங்கேயும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன், தம்பி முறைக்க வேண்டாம். (சிரிப்பு)

'உங்கள் பக்கம் படிப்புக்குப் பேர்போன இடமா' என்று கேட்டாரே, அதற்கு மட்டும் ஒரு பதில். முஞ்சிறைக்குப் பக்கத்தில் பார்த்திவசேகரபுரம். ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் ஒன்பதாம் நூற்றாண்டில் அங்கே ஒரு சாலை வைத்தான். சாலை என்றால் கல்விச்சாலை. செப்பேடு இருக்கிறது. மொத்தம் 95 இடம். அதை 45, 36, 14 என்று பிரிவு பிரிவாக ஒதுக்கியிருக்கிறான். கவுன்சிலிங் அப்பவே வந்தாச்சு! (சிரிப்பு) இலக்கணம் தெரியணும், மூன்று ராஜ்ய நடைமுறை தெரியணும், அப்போதுதான் இடம். மாணவர்கள் சண்டை போட்டால் தண்டம். அது வேதம் படித்தவர்களின் சாலை, வைத்தியக் கல்லூரி என்று நான் கதைகட்ட மாட்டேன். ஆனால் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் படிக்கிறதற்கு ஆள் இங்கே வந்தான் ஐயா, இங்கிருந்து ஓடவில்லை.

இப்போது அந்தத் தகப்பனாருக்கு. கலந்தாய்வுக்கு முன்னால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இரண்டு இடத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். செலவைப் பார்க்காதீர்கள். கல்லூரி முகப்பைப் பார்க்க வேண்டாம், காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வரிசையைப் பாருங்கள். புறமருத்துவப் பிரிவில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா, பெட்ஷீட் மடிப்புக் கலையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசி வருஷப் பிள்ளைகளிடம் ஒரே கேள்வி கேளுங்கள். 'உன் கையால எத்தனை பேரைத் தொட்டுப் பாத்திருக்க மக்களே?' விடுதியில் தண்ணீர் வருகிறதா என்பதை அம்மை பார்த்துக்கொள்வார்கள், அதை நாம் சொல்லிக்கொடுக்க வேண்டாம். சென்னையில் அந்தப் பதில் பெரிசாக வந்தால், நடுவர் அவர்களே, நான் தோற்றுப்போகத் தயார். ஆனால் தாத்தா இருக்கிற வீட்டுக்கு 80 கிலோமீட்டர் என்கிற அந்த ஒரு கணக்கில் சென்னையால் எங்களை ஜெயிக்க முடியாது.

மணி அடித்துவிட்டார்கள். பிள்ளை இந்தக் கூட்டத்தில் எங்கேயோ இருக்கிறாள். இவ்வளவு நேரம் அப்பாவும் அம்மையும் நாங்களும்தான் பேசினோம், அவளை யாரும் கேட்கவில்லை. தீர்ப்புக்கு முன்னால் நடுவர் அவளை எழுப்பி ஒரு வார்த்தை கேட்கணும் என்று வேண்டி அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)