ஒரு நாள் தீவுப் பயணம்

பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகள் தீவு பார்க்க வேண்டும் என்கிறார்கள். "அடுத்த வருடம்" என்றே நாமும் சொல்லி வருகிறோம். கடன் வாங்கிப் பங்கோர் தீவுக்குப் போக வேண்டாம். நம் காப்பாருக்குக் கிட்டவே கெத்தாம் தீவு இருக்கிறது. கெத்தாம் என்றால் மலாயில் நண்டு. கிள்ளான் துறைமுகத்தில் படகேறி, காலையில் போய் மாலையில் திரும்பலாம். விடுதிச் செலவு இல்லை.

அங்கே கார் ஓடாது, சைக்கிள்தான். சேற்றில் கால் ஊன்றிய வீடுகளுக்கு இடையே நடைபாலங்கள். சின்னப் பிள்ளைகளின் கையை விடக் கூடாது. குளிக்க மணற்கரை கிடையாது. அதை வீட்டிலேயே சொல்லிவிடுவோம், இல்லையென்றால் வழியெல்லாம் அழுகைதான்! புளிச்சோறும் தண்ணீரும் கட்டிக்கொள்வோம். தீவில் இறங்கியதும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்வோம். மறுநாள் விடியற்காலையில் பெரட்டுக்கு நிற்க வேண்டுமே.