பாவித்த வாகனம் விற்பவரின் அமானிதம்



புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலாத்தும் ஸலாமும் நமது உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



ஒரு நடுத்தரக் குடும்பம் தன் வாழ்நாளில் செய்யும் பெரிய கொடுக்கல் வாங்கல்கள் ஒரு சிலவே. காணி, வீடு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக வாகனமே பெரும் பணத்தை விழுங்குகிறது. 2020ஆம் ஆண்டு நமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறந்துவிடப்படும் வரையிலான காலத்தில், பாவித்த வாகனம் வாங்கிய விலையையும் தாண்டி விலைபோனது. விலை உயர்ந்தபோது குறையை மறைப்பதால் கிடைக்கும் இலாபமும் உயர்ந்தது; ஏமாறுகின்றவரின் இழப்பும் உயர்ந்தது. ஆகவே, பாவித்த வாகனத்தை விற்பதிலும் மாற்றிக்கொள்வதிலும் மார்க்கம் நம்மிடம் எதிர்பார்ப்பது என்ன என்பதைச் சிந்திப்போம்.

வாகனச் சந்தையில் நடக்கும் மோசடிகளை நாம் அறிவோம். ஒரு இலட்சத்து ஐம்பதாயிரம் கிலோமீற்றர் ஓடிய காரின் மீட்டர் எழுபதாயிரத்துக்குக் குறைக்கப்படுகிறது. விபத்தில் நொறுங்கிய உடல் டிங்கரிங் செய்யப்பட்டுப் புது நிறம் பூசப்படுகிறது. வெள்ளத்தில் மூழ்கிய வாகனம் கழுவி உலர்த்தப்படுகிறது. எச்சரிக்கை விளக்கு எரியாமல் துண்டிக்கப்படுகிறது. “நான் பொய் எதுவும் சொல்லவில்லையே! கேட்டதற்கு மட்டுமே பதில் சொன்னேன்” என்று விற்றவர் தம் மனதைச் சமாதானப்படுத்திக்கொள்கிறார்.

இந்தச் சமாதானத்துக்கு நபி (ஸல்) அவர்கள் அன்றே பதில் அளித்துவிட்டார்கள். அக்கால வியாபாரிகள் சிலர் ஆட்டையும் ஒட்டகத்தையும் சந்தைக்குக் கொண்டு வருமுன் சில நாட்கள் பால் கறக்காமல் விட்டுவிடுவர். மடி பருத்துத் தொங்கும். அதிகம் பால் தரும் பிராணி என நம்பி ஒருவர் வாங்கிச் செல்வார். நபியவர்கள் இதனைத் தடுத்தார்கள். ஏமாந்தவர் விரும்பினால் அப்பிராணியை வைத்துக்கொள்ளலாம்; விரும்பாவிட்டால், கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பிக் கொடுக்கலாம் என உரிமையும் வழங்கினார்கள். இது புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் பதிவாகியுள்ளது.

சகோதரர்களே! அந்த வியாபாரி நாவினால் ஒரு பொய்யும் சொல்லவில்லை. பருத்த மடியே அவனுக்காகப் பொய் சொன்னது. இன்று குறைக்கப்பட்ட மீட்டர் அதே பொய்யைச் சொல்கிறது. அன்றைய மடிக்கும் இன்றைய மீட்டருக்கும் மார்க்கத்தில் என்ன வேறுபாடு இருக்க முடியும்?

இன்னொரு சம்பவம். நபியவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுள் தமது கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். மழை பெய்தது வியாபாரியின் குற்றமன்று. ஈரத்தை அடியில் மறைத்ததே குற்றம். அவ்வாறே, உங்கள் வாகனம் விபத்துக்குள்ளானது உங்கள் பிழையாக இல்லாதிருக்கலாம். அதனை மறைத்து விற்பது உங்கள் பிழையே.

“பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு என்னிடம் வரக்கூடாது” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பொறுப்பு நீங்கிவிடும் எனச் சிலர் எண்ணுகின்றனர். நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, தான் அறிந்த குறையை மறைத்த விற்பனையாளரை அவ்வார்த்தை காப்பாற்றுவதில்லை. விற்பனைக்கு முன்பே இருந்த குறை பின்னர் வெளிப்பட்டால், தாமதமின்றித் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. வாங்குபவர் முஸ்லிமா, தமிழரா, சிங்களவரா என்பதால் இந்த நேர்மை கூடவோ குறையவோ மாட்டாது. அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் சூரா அல்முதஃப்பிஃபீன், ஏமாற்றப்படுபவர் எந்தச் சமயத்தவர் என்று பிரித்துப் பேசவில்லை.

வாங்குபவருக்கும் கடமை உண்டு. ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரழி) அவர்களுக்காக அவர்களது பணியாளர் முந்நூறு திர்ஹத்துக்கு ஒரு குதிரையைப் பேசி முடித்தார். குதிரையைக் கண்ட ஜரீர் (ரழி), அதன் பெறுமதி அதைவிட அதிகம் என்று உரிமையாளரிடம் தாமே கூறி, நூறு நூறாக உயர்த்தி எண்ணூறு திர்ஹம் கொடுத்தார்கள். எல்லா முஸ்லிம்களுக்கும் நலம் நாடுவதாக நபியவர்களிடம் செய்த பைஅத்தே அதற்குக் காரணம். மருத்துவச் செலவுக்காக அவசரமாகக் காரை விற்க வருபவரிடம், இல்லாத குறைகளைச் சொல்லி விலையை இறக்குபவர் இந்த ஸஹாபியை எண்ணிப் பார்க்கட்டும். பழையதைக் கொடுத்து வேறொன்றை மாற்றி எடுக்கும்போது நாம் ஒரே நேரத்தில் விற்பவராகவும் வாங்குபவராகவும் இருக்கிறோம். எதிர்த்தரப்பில் நாம் தேடும் உண்மையை நாமும் கொடுக்க வேண்டும். வாங்கும் எண்ணமில்லாத நண்பரைத் தொலைபேசியில் பேசவைத்து விலையை ஏற்றுவதும் நபியவர்கள் தடுத்த “நஜ்ஷ்” என்பதை மறவாதீர்கள்.

அடுத்தது ஆவணம். கொடுக்கல் வாங்கலை எழுதிச் சாட்சி வைக்குமாறு சூரா அல்பகராவின் 282ஆம் வசனம் போதிக்கிறது. நாமோ படிவத்தில் கையொப்பம் மட்டும் இட்டுக்கொடுத்து, பெயர் மாற்றாமலே வாகனத்தைக் கைமாற்றுகிறோம். நாளை அவ்வாகனம் ஓர் உயிரைப் பறித்தால், பொலிஸார் பழைய உரிமையாளரின் வாசற்படியையே தேடி வருவர்.

பராமரிப்பும் அமானிதமே. தேய்ந்த டயரும் பழுதான பிரேக்கும் பாதையில் செல்லும் பிறர் பிள்ளைகளின் உயிரோடு தொடர்புடையவை. ஒயில் மாற்றிய திகதி, மாற்றிய உதிரிப்பாகம், செய்த திருத்தம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி, பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். விற்கும் நாளில் அக்கொப்பியே உங்களுக்காக உண்மை பேசும். அறிந்த குறைகளை ஒரு தாளில் எழுதி, விலை பேசுமுன் வாங்குபவரின் கையில் கொடுத்துவிடுங்கள்.

பெற்றோர்களே! வாகனம் பார்க்க ஆள் வரும்போது உங்கள் மகன் அருகில் நிற்கிறான். “விபத்து ஏதும் நடந்ததா?” என்ற கேள்விக்கு வாப்பா என்ன பதில் சொல்கிறார் என்பதை அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். மத்ரஸாவில் பல வருடங்கள் கற்ற பாடத்தை அந்த ஒரு பதில் உறுதிப்படுத்தலாம், அழித்தும் விடலாம். இளைஞர்களே! வீட்டில் மறைக்கச் சொன்னால், மரியாதை குன்றாமல், “வாப்பா, இதைச் சொல்லியே விற்போம்” என்று கூறுங்கள். அதுவும் பெற்றோருக்குச் செய்யும் நன்மையே.

உண்மை சொன்னால் விலை சில ஆயிரங்கள் குறையலாம். ஆனால் விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் இறங்கும் என்றும், மறைத்துப் பொய்யுரைத்தால் அது அழிக்கப்படும் என்றும் நபியவர்கள் அறிவித்துள்ளார்கள். பரக்கத் இழந்த பணத்தால் நம் பிள்ளைகளுக்கு உணவூட்ட வேண்டுமா?

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தை ஹலாலாக்குவாயாக! எங்கள் நாவுகளுக்கும் எங்கள் வியாபாரங்களுக்கும் உண்மையை அணியாக்குவாயாக! ஆமீன்.