கடன் கொடுப்பதற்கு எத்தனை கட்டுப்பாடு?



பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ் மக்களுக்குப் பணத்தைப் பற்றிய கவலைகள் இரண்டு உண்டு. சம்பாதித்ததைப் பத்திரமாக எங்கே வைப்பது என்பது ஒன்று. அவசரத்துக்கு எவரிடம் கடன் கேட்பது என்பது மற்றொன்று. முதற்கவலை தீர அரசாங்கத்தின் கட்டுப்பாடு வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் இரண்டாவது கவலையை அதே கட்டுப்பாடு பல வேளைகளில் பெரிதாக்கிவிடுகிறது. இதுவே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். நாம் பேசுவது திருவனந்தபுரத்திலிருந்து. இவ்விஷயத்தில் கேரள நாடு கண்ட அனுபவம் வேறெந்த மாநிலத்துக்கும் குறைந்ததன்று.

இந்நகரத்தின் சாலைக் கடைத்தெரு, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் உருவானது. அங்கே தமிழர் தலைமுறை தலைமுறையாக வாணிபம் செய்து வருகின்றனர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி வரை தோவாளையும் கல்குளமும் விளவங்கோடும் இந்த அரசின் எல்லைக்குள்ளேயே இருந்தன. ஆகவே நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து கடை வைத்தவர் தம்மை வேற்று மாநிலத்தார் என்று கருதியதில்லை. பின்னர் எல்லைக்கோடு நகர்ந்தது, அவர்கள் நகரவில்லை. அதன் பிறகு நெல்லை, மதுரைச் சீமைகளிலிருந்தும் பலர் வந்தனர். சுமை தூக்குவோர், பூக் கட்டுவோர், தள்ளுவண்டியில் இட்லி விற்போர் என இவர்களுள் எளியவரே மிகுதி. இருப்பது வாடகை வீடு, வருவது நாட்கூலி, அடையாளச் சீட்டுகளில் உள்ளதோ சொந்த ஊர் விலாசம். இத்தகையவர் ஒருவர் கடன் கேட்டுச் சென்றால் என்ன நேர்கிறது என்பதை வைத்தே சட்டங்களை நாம் எடைபோட வேண்டும்.

முதலில் சேமிப்பைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுவோம். 1937ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் நேஷனல் பாங்கியும் கொல்லம் பாங்கியும் ஒன்றாக இணைந்தன. தென்னாட்டின் பெரிய பாங்கிகளுள் ஒன்றாக விளங்கிய அந்த ஸ்தாபனம், 1938 ஜூன் மாதத்தில் கதவடைத்தது. அதன் தலைவர்கள் அன்று திருவிதாங்கூரில் நடந்த பொறுப்பாட்சி இயக்கத்துக்கு ஆதரவாக இருந்தமையால் திவான் சர் சி. பி. ராமசாமி அய்யர் அதனை வீழ்த்தினார் என்று ஒரு சாரார் கூறுவர். பாங்கியின் நிதி நிலைமையே சீர்கெட்டிருந்தது என்பது மறுசாராரின் வாதம். இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்வது நம் நோக்கமன்று. அரசாங்கத்தின் கை பாங்கியின் மீது பட்டால் அது காவற்கையா, பகைக்கையா என்ற ஐயம் மக்கள் மனத்தில் எழுந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

அடுத்து, 1960ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் தேதி, கேரளத்தின் பெரிய பாங்கியாக இருந்த பாலாய் சென்ட்ரல் பாங்கியை ரிசர்வ் பாங்கியின் மனுவின் பேரில் ஹைகோர்ட்டு மூடச் செய்தது. பணம் போட்டிருந்த குடும்பங்கள் கலங்கின. அக்கலக்கத்திலிருந்து பிறந்ததுதான் டெபாசிட் இன்ஷூரன்ஸ். 1962 ஜனவரி முதல் தேதி அது நடைமுறைக்கு வந்தபோது ஒருவருக்குக் கிடைத்த உத்தரவாதம் 1,500 ரூபாய். 2020 பிப்ரவரியில் அது 5 லட்சமாக உயர்ந்தது. பிறர் பணத்தை வாங்கி வைப்பவன் கணக்குக் காட்ட வேண்டும், தணிக்கைக்கு உட்பட வேண்டும், தவறினால் தண்டனை பெற வேண்டும். திருச்சூர் மாவட்டத்துக் கருவன்னூர்க் கூட்டுறவு பாங்கியில் 2021ஆம் ஆண்டு வெளிப்பட்ட மோசடியை அறிந்தவர் எவரும் இக்காவலைத் தளர்த்தச் சொல்லமாட்டார். நாமும் சொல்லவில்லை.

நாம் தளர்த்தச் சொல்வது வேறு. மக்கள் தமக்குள்ளே கொடுத்து வாங்கும் முறைகளின் மீதும், சிறு கடன்களின் மீதும், ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கும் விதிகளையே நாம் குறிப்பிடுகிறோம்.

சீட்டை எடுத்துக்கொள்வோம். கேரளத்தார் அதனைச் சிட்டி என்பர், குறி என்பர். இருபத்தைந்து பேர் மாதம் இரண்டாயிரம் ரூபாய் கட்டினால் சேரும் தொகை ஐம்பதாயிரம். மகள் திருமணத்துக்குப் பணம் வேண்டியவர், பத்தாயிரத்தைத் தள்ளி, நாற்பதாயிரத்துக்கு ஏலத்தில் எடுக்கிறார். தள்ளிய பத்தாயிரத்தில் நடத்துபவரின் கமிஷன் நூற்றுக்கு ஐந்து வீதம் 2,500 போக, எஞ்சிய 7,500 ரூபாயும் ஆளுக்கு 300 வீதம் எல்லோருக்கும் பங்காகிறது. எடுத்தவருக்குக் கடன், காத்திருந்தவருக்குச் சேமிப்பு. மனுப் பாரமும் மானேஜர் கையெழுத்தும் இல்லாமல், ஒருவரையொருவர் அறிந்தவர்கள் நடத்தும் இம்முறையைப் போல் ஏழைக்கு ஏற்ற பாங்கி மற்றொன்று உண்டோ என்பது ஐயமே.

இதற்குச் சட்டம் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. நடத்துபவன் ஓடிப்போவதும் உண்டு. திருவிதாங்கூரில் கொல்லம் ஆண்டு 1120லேயே, அதாவது 1945ஆம் ஆண்டையொட்டி, சிட்டிச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் 1975இல் கேரளச் சிட்டிச் சட்டம் வந்தது. 1982இல் டில்லிப் பார்லிமெண்டு நாடு முழுமைக்கும் ஒரு சீட்டு நிதிச் சட்டம் இயற்றியது. ஆனால் அதனைக் கேரளத்தில் அமலாக்கவில்லை. ஆக, நடைமுறையில் ஒரு சட்டம், ஏட்டில் மற்றொரு சட்டம்.

விளைந்தது யாது? மாநிலச் சட்டத்தின் நிபந்தனைகள் கடுமையாக இருந்தமையால், தனியார் சீட்டுக் கம்பெனிகள் பல ஜம்மு காஷ்மீர் போன்ற வெளிமாநிலங்களில் தம் சீட்டுகளைப் பதிவு செய்துகொண்டு, தொழிலை மட்டும் கேரளத்தில் நடத்தின! திருச்சூரில் பணம் கட்டும் தையற்காரருக்குப் பாதுகாப்பு, பனி மூடிய மலைகளுக்கு அப்பாலுள்ள ஒரு பதிவாளர் அலுவலகத்தில். காவலை மிகுதியாக்கிய சட்டம் காவலே இல்லாத இடத்துக்கு மக்களை அனுப்பிவைத்தது. இதனைத் தடுக்க 2002இல் கேரள அரசாங்கம் மற்றொரு பூட்டைப் பூட்டியது. வெளியே பதிவான சீட்டாயினும், அதன் உறுப்பினருள் நூற்றுக்கு இருபது பேரோ அதற்கு மேலோ கேரளத்தில் வசித்தால், இங்கே கிளை திறந்து இந்தச் சட்டத்தின்படியும் பதிவு செய்ய வேண்டும் என்பது அப்பூட்டு. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. 2012 மே 8ஆம் தேதி அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது: மத்தியச் சட்டம் இயற்றப்பட்டபோதே, அதற்கு முரணான மாநிலச் சட்டம் செல்லாததாகிவிட்டது. அதற்கு எட்டு நாட்கள் முன்னர்தான், ஏப்ரல் 30ஆம் தேதி, மத்தியச் சட்டம் கேரளத்தில் அமலுக்கு வந்திருந்தது. ஒரு தெளிவான விதி போதும் என்ற எளிய முடிவை அடைய முப்பது ஆண்டுகள் கழிந்தன. சட்டத்துறையினருக்கு அது நல்ல காலமாக இருந்திருக்கும்.

கடன் கொடுக்கும் கம்பெனிகளின் கதையும் இத்தகையதே. ரிசர்வ் பாங்கியில் பதிவு செய்துகொண்டு, அதன் மேற்பார்வையில் நகைக்கடனும் வாகனக் கடனும் கொடுக்கும் கம்பெனிகள் கேரளத்தில் மிகப் பல. இவை 1958ஆம் ஆண்டின் கேரள வட்டிக்கடைச் சட்டத்தின் கீழும் உரிமம் பெற்று, ஈடு கட்டி, அச்சட்டத்தின் வட்டி வரம்புக்கும் உட்பட வேண்டும் என்று மாநில அரசாங்கம் வற்புறுத்தியது. இரண்டு எஜமானர்களுக்கு ஒரே வேலையாள். இரண்டு கணக்குகளும் இரண்டு உரிமங்களும் ஆகும் செலவை இறுதியில் சுமப்பவர் எவர்? தாலிக்கொடியை அடகு வைக்க வரும் பெண்மணியே. 2022 மே 10ஆம் தேதி, நீதிபதிகள் ஹேமந்த் குப்தா, வி. ராமசுப்பிரமணியன் ஆகியோர் அடங்கிய சுப்ரீம் கோர்ட்டு அமர்வு, ரிசர்வ் பாங்கியின் முழு ஆளுகையிலுள்ள கம்பெனிகளுக்கு மாநில வட்டிக்கடைச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்புக் கூறியது.

கட்டுப்பாடு தளர்ந்தால் கந்துவட்டிக்காரன் கொழுப்பான் என்று சிலர் அஞ்சுவர். அச்சம் நியாயமானதே, ஆனால் அவன் கொழுப்பது எதனால் என்று பார்க்க வேண்டும். இவ்வூரார் ‘பிளேடு’ என்று அழைக்கும் கடும்வட்டிக்காரர்கள் மீது 2014 மே மாதத்தில் கேரளப் போலீசார் ‘ஆபரேஷன் குபேரா’ என்ற பெயரில் சோதனைகள் நடத்தினர். மிரட்டுபவனைச் சிறையிலடைப்பது சரியே. எனினும் சோதனையினால் எவருக்கும் ஒரு ரூபாய் கடன் கிடைத்துவிடாது. காலையில் பூ வாங்க முதல் இல்லாதவருக்கு மாலைக்குள் அது வேண்டும். நேர்வழி அடைபட்டால் அவர் குறுக்குவழியில்தான் செல்வார்.

வட்டிக்கு உச்சவரம்பு விதிப்பதும் இவ்வாறே முடிகிறது. 2010 ஜூலை வரை, இரண்டு லட்சத்துக்கு உட்பட்ட கடனுக்குப் பாங்கிகள் தம் முதன்மை வட்டி விகிதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று விதி இருந்தது. எளியவருக்கு இரக்கம் காட்டும் விதிதான். ஆனால் ஐயாயிரம் ரூபாய்க் கடனுக்கு ஆகும் எழுத்து வேலையும் வசூல் அலைச்சலும் ஐந்து லட்சத்துக்கு ஆவதற்குக் குறைந்ததன்று. அச்செலவுக்கு இடமளிக்காத வட்டியில் கடன் கொடுக்க எந்த மானேஜர் முன்வருவார்? மறுக்கவும் மாட்டார், ‘அடுத்த வாரம் வாருங்கள்’ என்பார். அவ்விதி 2010 ஜூலை முதல் தேதி நீங்கியது. அதே ஆண்டு அக்டோபரில், ஆந்திர அரசாங்கம் நுண்கடன் கம்பெனிகளை அவசரச் சட்டத்தால் முடக்கியது. அவை மகளிர் குழுக்களை வருத்திய கொடுமைகள் உண்மையே. சட்டத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆயினும் வசூல் அடியோடு நின்று, கம்பெனிகள் நொடித்து, ஆந்திரத்தோடு தொடர்பே இல்லாத பிற மாநிலக் கிராமங்களிலும் கடன் வறண்டது. அங்கே கூலியும் குறைந்ததென்று பொருளாதார ஆய்வாளர் கண்டனர்.

2022 ஏப்ரல் முதல் நுண்கடன் கம்பெனிகளுக்கும் வட்டி வரம்பு நீக்கப்பட்டது. ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணையாகப் போகக் கூடாது என்பது அதற்குப் பதிலாக வந்த விதி. இவ்விடுதலையைச் சிலர் தவறாகப் பயன்படுத்தினர் என்பதையும் நாம் மறைக்கலாகாது. 2024 அக்டோபரில், அளவுக்கு மீறிய வட்டி முதலான குறைகளைக் கண்டு, நான்கு கம்பெனிகள் புதுக்கடன் கொடுப்பதை ரிசர்வ் பாங்கி நிறுத்திவைத்தது. நம் கருத்தில் இதுவே செம்மையான முறை: குற்றம் செய்தவனைப் பெயர் சொல்லிப் பிடிப்பது. எல்லார் கடையையும் பூட்டுவது வேறு.

இனி நகைக்கடன். வெளியூரில் வாழும் தமிழ்க் குடும்பத்துக்குத் தங்கமே முதற்பாங்கி. 2025 ஏப்ரலில் ரிசர்வ் பாங்கி ஒரு நகல் விதித்தொகுப்பை வெளியிட்டது. நகை தமக்கே உரியதென்று காட்ட வேண்டும் என்பது அதில் ஒன்று. பாட்டி கழற்றிக் கொடுத்த அட்டிகைக்கு ரசீது எங்கே தேடுவது? தமிழ்நாட்டு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் மத்திய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். சிறு கடன்களுக்கு விலக்களிக்குமாறு நிதி அமைச்சகமும் ஆலோசனை கூறியது. ஜூன் 6ஆம் தேதி இறுதி விதிகள் வந்தபோது கட்டு வெகுவாகத் தளர்ந்திருந்தது. இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் நூற்றுக்கு 85 வரையும், ஐந்து லட்சம் வரை 80ம், அதற்கு மேல் 75ம் கொடுக்கலாம். இரண்டரை லட்சத்துக்கு உட்பட்டவரின் திருப்பிக் கட்டும் சக்தியைத் தனியே ஆராய வேண்டியதில்லை. ரசீது இல்லையேல் உறுதிமொழி போதும். அதே வேளையில், கடன் தீர்ந்த பின் ஏழு வேலை நாட்களுக்குள் நகையைத் திருப்பித் தராத கம்பெனி, தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்ற விதியும் இடம்பெற்றது. 2026 ஏப்ரல் முதல் தேதிக்குள் இவை யாவும் நடைமுறைக்கு வரவேண்டும் என்பது கட்டளை. வாங்குபவருக்கு எளிமை, கொடுப்பவனுக்குப் பொறுப்பு என்று கட்டுப்பாடு இடம் மாறியது.

புலம்பெயர்ந்தவர்க்கு இதனினும் முக்கியமானது விலாசப் பிரச்சினை. கணக்குத் தொடங்கச் சொந்த ஊர் விலாசத்துக்கும் இப்போதைய விலாசத்துக்கும் தனித்தனியே சான்று கேட்டு மக்களை அலைக்கழித்த வழக்கத்தை, 2014 ஜூன் 9ஆம் தேதி ரிசர்வ் பாங்கி ஒரு சுற்றறிக்கையால் நிறுத்தியது. ஏதேனும் ஒரு விலாசத்துக்குச் சான்று போதும் என்றது அது. வசிக்கும் இடத்தைத் தாமே எழுதிக் கொடுக்கலாம் என்றும் அது அனுமதித்தது. 

சான்று எதுவுமே இல்லாதவர்க்கும் வழியுண்டு. புகைப்படமும் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ கொடுத்து, ‘சிறு கணக்கு’ தொடங்கலாம். 2010இல் வந்த ஏற்பாடு அது. ஆண்டில் ஒரு லட்சத்துக்கு மேல் அதில் பணம் வரலாகாது. மாதம் பத்தாயிரத்துக்கு மேல் எடுக்கலாகாது. இருப்பு ஐம்பதாயிரத்தைத் தாண்டலாகாது. இவ்வரம்புகள் அன்று விதித்த அளவிலேயே நிற்கின்றன. கேரளத்தில் கட்டடத் தொழிலாளியின் நாட்கூலியோ எண்ணூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. மாதம் இருபத்தாறு நாள் உழைப்பவர் ஐந்தே மாதத்தில் ஓராண்டின் வரம்பை எட்டிவிடுவார். எஞ்சிய ஏழு மாதக் கூலியை அவர் தலையணைக்கடியில் வைக்க வேண்டுமென்பது சட்டத்தின் நோக்கமாக இருக்க முடியாது. இவ்வரம்புகளை உயர்த்தப் புதிய சட்டம் வேண்டியதில்லை. விதியில் மூன்று எண்களை மாற்றினால் போதும்.