மானிட்டரோடு கேபிளும் கொடுங்கள்

பழவேற்காட்டு மீனவக் கிராமப் படிப்பகத்துக்கு நம் வீடுகளில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர், மானிட்டர்களைக் கொடுக்கப் போகிறோம். போன தடவை நான் கொடுத்த மானிட்டரோடு கேபிள் வைக்க மறந்துவிட்டேன். அங்கே ஒரு கேபிள் வாங்கப் பொன்னேரிக்கு பஸ் ஏற வேண்டும். மூன்று மாதம் அது மேசைமேல் சும்மா இருந்தது.

ஆகவே பின்பக்கத்தைப் பாருங்கள். மானிட்டரில் பெரும்பாலும் நீல நிறத்தில், மூன்று வரிசையாக 15 துளை இருக்கும். அது விஜிஏ, 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்தது. கம்ப்யூட்டரில் வெள்ளை டிவிஐ மட்டும் இருந்தால், அதன் தட்டையான துளையைச் சுற்றி நான்கு சிறு துளை உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் சின்ன அடாப்டர் போதும். இல்லாவிட்டால் அது டிஜிட்டல் மட்டும். எச்டிஎம்ஐயும் அப்படித்தான், இரண்டுக்கும் உள்ளே சிப் உள்ள கன்வர்ட்டர் வேண்டும். வெறும் கம்பியாகவும் விற்கிறார்கள், ஏமாறாதீர்கள்.

நம்மில் ஒருவரிடம் பிபிசி மைக்ரோவே இருக்கிறதாம்! 1984-இல் கிளாஸ் திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த மிஷின். அது வினாடிக்குச் சுமார் 15,600 கோடு அனுப்பும். விஜிஏ மானிட்டருக்கு வேண்டியது சுமார் 31,500. கேபிள் பொருந்தினாலும் படம் வராது. அதன் வீடியோ அவுட்டிலிருந்து பழைய டிவியின் மஞ்சள் ஜாக்குக்கு இணைத்தால் கறுப்பு வெள்ளையில் வரும்.

அங்கே உப்புக்காற்றில் பின்கள் சீக்கிரம் துருப்பிடிக்கும். கேபிளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மானிட்டரோடு சேர்த்துக் கட்டிக் கொடுங்கள். பவர் கார்டையும்தான்.