மார்க் இருக்கிறது, மனு எங்கே?

(இளைஞர்களும் வியாபாரிகளும் கலந்துகொண்ட ஜமாஅத் கூட்டத்தில், மஃரிபுத் தொழுகைக்குப் பின் ஆற்றிய உரை)



இன்று அஸருக்குப் பிறகு கடைத்தெரு வழியாக வந்துகொண்டிருந்தேன். ஒரு சகோதரர் கூப்பிட்டு உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "ஹஜ்ரத், ராத்திரி ஸ்காலர்ஷிப் பற்றிப் பேசப் போறீங்களாமே? வருஷத்துக்கு 12,000 ரூபாய். மாசம் ஆயிரம். அதுக்குப் பத்து இடம் அலையணும். என் மகன் கடையில் நின்றால் ரெண்டு நாளில் வந்துடுமே!" என்றார்.

அவர் கணக்கில் தவறில்லை. அவருக்கு அது இரண்டு நாள் வியாபாரம்தான். ஆனால் அவர் கடையில் மூட்டை இறக்குகிறவரும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். அவருடைய மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள், வகுப்பில் முதல் மாணவி. அவர் வாயைத் திறக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். இன்றைய என் பேச்சு முதலில் அவருக்கு. டீ வாங்கிக் கொடுத்தவருக்கு அடுத்தபடியாகத்தான். அவருக்கும் சொல்ல நிறைய இருக்கிறது.

நம் சமுதாயத்தில் கல்விக்குப் பணம் கொடுத்தவர்கள் யார்? வியாபாரிகள்தானே! வாணியம்பாடியில் 1919ல் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்ததும், 1951ல் சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும் எழுந்ததும் யாருடைய காசில்? தோல் விற்ற காசும், கடைக் கல்லாவில் விழுந்த காசும் அதில் இருக்கின்றன. கட்டடம் கட்டிக் கொடுத்த சமுதாயம் நாம். அந்தக் கட்டடத்துக்குள் போய் உட்கார்வதற்கு அரசாங்கம் கொடுக்கிற காசை வாங்கத்தான் நமக்குத் தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மத்திய அரசின் கல்வித்துறை, கல்லூரி மாணவர்களுக்கு மார்க்கை வைத்துக் கொடுக்கிற ஓர் உதவித்தொகை 2008ல் தொடங்கியது. ஆண்டுதோறும் நாடு முழுவதும் புதிதாக 82,000 பேருக்கு என்று வைத்தார்கள். அதில் பாதி பெண் பிள்ளைகளுக்கு. முன்பு ஆண்டுக்கு 10,000 ரூபாயாக இருந்தது, பிறகு 12,000 ஆனது. பட்டப்படிப்பின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு இந்தத் தொகை. இன்ஜினியரிங் போன்ற படிப்பின் நான்காம் ஆண்டிலும், பட்ட மேற்படிப்பிலும் 20,000. குடும்ப வருமானம் ஆண்டுக்கு நான்கரை லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. இது எந்தச் சமூகத்தின் பேரிலும் வரும் திட்டமல்ல. மார்க் எடுத்த எல்லோருக்கும் பொது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன்? சிறுபான்மையினருக்கு என்று பேர் போட்டு வந்த உதவிகளின் கதை உங்களுக்குத் தெரியும். 2022ல் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான தொகையை நிறுத்தினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஆராய்ச்சி மாணவர்களுக்கான மௌலானா ஆஸாத் உதவியையும் முடித்துக்கொண்டார்கள். அதற்காகக் குரல் கொடுப்பது வேறு வேலை. அதை அதற்குரிய மேடையில் பேசுவோம். ஆனால் பொதுப் பட்டியலில் நம் பிள்ளைக்கு இருக்கும் இடத்தை யாரும் நிறுத்தவில்லை. அதை நாமேதான் விட்டுவிடுகிறோம்.

"80 பெர்சன்டைல் வேண்டுமாமே, என் மகன் 78 பெர்சன்ட்தானே எடுத்திருக்கிறான்" என்று ஓர் அத்தா என்னிடம் சொன்னார். மனுவே போடவில்லை! பெர்சன்ட் வேறு, பெர்சன்டைல் வேறு. நூறு பிள்ளைகளை மார்க் வரிசையில் நிற்க வைத்தால், முன்னால் நிற்கும் இருபது பேரில் உங்கள் பிள்ளை இருக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் பொருள். வரிசையில் எங்கே நிற்கிறான் என்பது அந்த ஆண்டு மற்றவர்கள் எடுத்த மார்க்கைப் பொறுத்தது. அதிலும், வணிகவியல் எடுத்த பையன் அறிவியல் எடுத்தவனோடு மோத வேண்டியதில்லை. அறிவியலுக்கு மூன்று பங்கு, வணிகவியலுக்கு இரண்டு பங்கு, கலைப் பிரிவுக்கு ஒரு பங்கு என்று இடங்களைப் பிரித்திருக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் காமர்ஸ் எடுக்கிறார்கள்? ஆறில் இரண்டு பங்கு அங்கே கிடக்கிறது. 78ஐ வைத்துக்கொண்டு நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள். மனுவைப் போடுங்கள், பட்டியல் சொல்லட்டும்.

இளைஞர்களே, நமக்கு இரண்டு பழக்கங்கள் இருக்கின்றன. ஒன்று, "ஒரு வருஷம் கடையில் நின்றுவிட்டு அடுத்த வருஷம் சேர்கிறேன்" என்பது. அப்படி இடைவெளி விட்டவருக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை. ப்ளஸ் டூ முடித்த கையோடு முதலாம் ஆண்டு சேர்கிறவருக்குத்தான். மற்றொன்று, "கரஸில் படித்துக்கொள்கிறேன்" என்பது. அஞ்சல் வழிப் படிப்புக்கு இந்தத் தொகை கிடையாது. ரெகுலராகக் கல்லூரிக்குப் போக வேண்டும். போனால் மட்டும் போதுமா? ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க 50 சதவீத மார்க்கும் 75 சதவீத வருகையும் வேண்டும். ரமளான் வியாபாரத்துக்கு ஒரு மாதம், தீபாவளி வியாபாரத்துக்கு இருபது நாள் என்று பையனைக் கடையில் நிறுத்திக்கொள்ளும் அத்தாமார்கள், அந்த 75ஐ ஒரு காகிதத்தில் எழுதிக் கல்லாவில் ஒட்டி வையுங்கள்.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன்.

நான் மத்ரஸாவில் ஓதியவன். வருமானச் சான்றிதழ் எங்கே வாங்குவது என்பதே முப்பத்தைந்து வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் பிள்ளை, பிளாஸ்டிக் குடம் விற்கிறவரின் மகள், காமர்ஸில் நல்ல மார்க் எடுத்தாள். நானே பிரவுசிங் சென்டருக்கு அவள் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிவு செய்தேன். மனு ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று ஒரு தாள் வந்தது. அதைக் கொண்டு போய் அவள் உம்மாவிடம் கொடுத்து துஆ செய்துவிட்டு வந்தேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. அந்தத் தாளையும் மார்க் பட்டியலையும் வருமானச் சான்றிதழையும் கல்லூரி அலுவலகத்தில் கொடுத்து, அவர்கள் கெடு தேதிக்குள் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். அனுப்பாத மனு செத்த மனு. இது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை. அடுத்த வருஷம் புதிதாகப் போடவும் முடியாது, ஏனென்றால் அவள் இரண்டாம் ஆண்டு. அந்த இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தையும் பஸ் காசையும் அவள் அத்தாவால் புரட்ட முடியவில்லை. படிப்பு நின்றது. நான் போய் நின்றபோது அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "நீங்க என்ன செய்வீங்க ஹஜ்ரத்" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

அதன் பிறகுதான் ஒவ்வொரு காகிதமாகப் படித்தேன். எங்கே நம் மனுக்கள் சாகின்றன தெரியுமா? பெயரில்! முஹம்மது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! 'ஓ' போட்டு ஒன்று, 'யூ' போட்டு ஒன்று, இரண்டு 'எம்' போட்டு ஒன்று, 'எம்டி' என்று சுருக்கிப் புள்ளி வைத்து ஒன்று. பள்ளிச் சான்றிதழில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், பாஸ்புக்கில் வேறு விதம். பெண் பிள்ளைக்குப் பள்ளியில் பானு, ஆதாரில் பேகம். நமக்கு எல்லாம் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு மூன்றும் மூன்று ஆட்கள். பணம் ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது. பெயர் ஒத்துப்போகாவிட்டால் மனு அங்கேயே நிற்கும். இதைத் திருத்த ரிசல்ட் வந்த பிறகு ஓடினால் நாள் போதாது. பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் போகும்போதே மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும். இ-சேவை மையத்தில் மனுக் கொடுத்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் அலுவலகம் என்று போய் வரும். போன வருஷத்துத் தாளை நீட்டாதீர்கள்.

இந்தச் சான்றிதழில்தான் வியாபாரப் பெருமக்களிடம் கொஞ்சம் கசப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. இரண்டு கடை, ஒரு குடோன், வாடகைக்கு விட்ட வீடு. ஆனால் சான்றிதழில் ஆண்டு வருமானம் 72,000! கேட்டால், "எல்லோரும் அப்படித்தானே ஹஜ்ரத் வாங்குகிறார்கள்" என்கிறார். சகோதரரே, எண்ணிப் பாருங்கள். அங்கே இடங்கள் எண்ணி வைக்கப்பட்டிருக்கின்றன. நீங்கள் பொய்த் தாளோடு உள்ளே நுழைந்தால், பட்டியலின் கடைசியில் நின்ற ஒரு பிள்ளை வெளியே போகிறது. அது எந்த ஊர்ப் பிள்ளையோ, எந்த மதத்துப் பிள்ளையோ, அதன் முகத்தை நீங்கள் பார்க்கப் போவதில்லை. பார்க்காவிட்டால் அது அமானித மோசடி இல்லை என்றாகிவிடுமா? ஹஜ்ஜுக்குப் போய்விட்டு வந்தவரும் இதைச் செய்கிறார், அதுதான் வயிற்றெரிச்சல்.

கல்லூரிக் காசுக்கான அடித்தளம் கல்லூரியில் போடப்படுவதில்லை. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் தேர்வு என்று ஒன்று நடக்கிறது. என்.எம்.எம்.எஸ். என்பார்கள். மனத்திறனுக்கு 90 கேள்வி, பாடத்துக்கு 90 கேள்வி. தேறித் தேர்வு பெற்றால் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000. நான்கு ஆண்டுக்கு 48,000. அதைத் தொடாமல் வங்கியில் விட்டு வைத்தால் கல்லூரிச் சேர்க்கையின் போது கை நீட்ட வேண்டியதில்லை. வருமான வரம்பு மூன்றரை லட்சம். அரசுப் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். நம்மவர்கள் நடத்தும் உதவி பெறும் பள்ளிகளும் இதில் அடங்கும். மனுவைத் தலைமையாசிரியர்தான் ஏற்ற வேண்டும். நீங்கள் போய்க் கேட்டால் ஏற்றுவார். தமிழக அரசும் 2023ல் முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வைக் கொண்டுவந்தது. அரசுப் பள்ளி மாணவர்களில் 500 ஆண், 500 பெண் என்று ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்து, பட்டப்படிப்பு முடியும் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். 9, 10ஆம் வகுப்புக் கணக்கும் அறிவியலும் சமூக அறிவியலும்தான் கேள்வி. இவையெல்லாம் ஆண்டுக்கு ஆண்டு அறிவிப்பில் கொஞ்சம் மாறும். அந்தந்த ஆண்டுத் தாளைப் படித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

கடன் வாங்கிப் பிள்ளையை மெட்ரிக் பள்ளியில் சேர்த்துவிட்டு, ப்ளஸ் டூ முடிந்ததும் கல்லூரிக்குக் காசில்லை என்று பைத்துல்மாலுக்கு வருகிறார்கள். சேர்க்கும் முன் ஒரு முறை கேட்டிருந்தால்! தனியார் பள்ளிப் பிள்ளைக்கு நான் சொன்ன இந்த இரண்டு தேர்வுகளும் கிடையாது. அதே போல, குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் தொழிற்படிப்புக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010லிருந்து தமிழகத்தில் வந்தது. ஆனால் கவுன்சலிங் மூலம் சேர வேண்டும். ரிசல்ட் வருவதற்கு முன்பே ஏப்ரலில் புரோக்கரிடம் அட்வான்ஸ் கொடுத்து மேனேஜ்மென்ட் சீட் வாங்கியவர் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது.

வியாபாரிகளே, உங்கள் மகனுக்கு இந்தக் காசு தேவையில்லை என்றால் அல்ஹம்துலில்லாஹ். உங்களிடம் நான் கேட்பது வேறு. உதவித்தொகை கல்லூரி திறக்கும் நாளில் வராது. சேர்ந்த பிறகுதான் மனுவே போட முடியும், பணம் வர மாதங்கள் ஆகும். கட்டணமோ முதல் வாரத்திலேயே கட்ட வேண்டும். நடுவில் இருக்கும் அந்தப் பள்ளத்தில்தான் பிள்ளைகள் விழுகிறார்கள். அதற்கு ஸதக்கா வேண்டாம், அழகிய கடன் கொடுங்கள். பணம் வந்ததும் திருப்பித் தரட்டும், அடுத்த பிள்ளைக்குப் போகட்டும். இன்னொன்று, காசே செலவில்லாதது. உங்கள் கடையில் வேலை பார்ப்பவருக்குத் தாலுகா அலுவலகம் போக அரை நாள் விடுங்கள், சம்பளம் பிடிக்காமல். டீ வாங்கிக் கொடுத்த சகோதரர் திங்கட்கிழமை அரை நாள் விடுவதாகச் சொல்லிவிட்டார்.

இஷாவுக்குப் பிறகு ஹவுளுப் பக்கம் இரண்டு மேசை போட்டிருக்கும். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஆதார், பள்ளிச் சான்றிதழ், பாஸ்புக் மூன்றின் நகலும் கொண்டுவந்தவர்கள் அங்கே போங்கள். பெயர் ஒத்துப்போகாதவர்கள் முதலில் வாருங்கள். அதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும். போன வருஷம் மனுப் போட்டவர்கள், கல்லூரியில் சரிபார்த்து அனுப்பினார்களா என்று என்னிடமே கேளுங்கள். நான் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.