கொப்பி மூடாத கணக்கு
(கனகராயன்குளத்தில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



1958இலும் 1977இலும் நடந்த கலவரங்களுக்குப் பிறகு மலைநாட்டை விட்டு வன்னிக்கு வந்த குடும்பங்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீங்க. உங்களுக்குப் "பேர்" என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் பேர் என்றுதான் சொல்வோம். கொழுந்து கிலோ சரியாக இருந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். உடம்பு நாள் முழுக்க மலையில் நின்றிருக்கும். செக்ரோலில் ஆள் பாதிதான். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. சந்தோஷப்பட்டோம். பல தோட்டங்களில் கிலோவும் கூடிப்போச்சு.

இருந்தாலும் ஒன்று சொல்லவேணும். அந்திக் கொழுந்து நிறுத்தாச்சென்றால் கணக்கப்பிள்ளை கொப்பியை மூடிவிடுவார். சோறு தின்கிற நேரத்தில் லயத்துக்குள்ளே வந்து யாரும் கிலோ கேட்கமாட்டார்கள். (கேட்டவர்களும் உண்டு, அது வேறு கதை!)

இன்றைக்கு நம்ம பிள்ளைகள் கார்மெண்டுக்கும் கடைக்கும் கம்பனிக்கும் போகிறார்கள். பகல் முழுக்க டார்கெட். இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில், "நாளைக்கு இத்தனை முடிக்கவேணும்." பார்த்தால் பார்த்தது தெரிந்துவிடும், பதில் போடாவிட்டால் பயம். கங்காணி சட்டைப் பைக்குள்ளேயே படுத்துக்கிடக்கிறார். அவர் சத்தம் போடாத இரவிலும் நாமே எடுத்து எடுத்துப் பார்க்கிறோம். கொரியாவில் பிறந்து ஜெர்மனியில் வாழும் பியுங்-சுல் ஹான் என்ற தத்துவ அறிஞர் 2010இல் எழுதிய நூலின் கருத்தும் இதுதான்: இந்தக் காலத்து மனுசன் தன்னைத் தானே விரட்டி ஓய்ந்து போகிறான்.

அப்படி ஓய்ந்துபோன பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசாதீங்க. வேலை நெருக்கடி தீராமல் நீண்டு, சக்தி வற்றி, வேலையில் மனம் விட்டுப்போய், செய்வதும் சரிவராத நிலையை உலக சுகாதார நிறுவனம் 2019இல் தொழிலோடு சேர்ந்த பிரச்சினை என்று எழுதிவைத்தது. நோய் என்றுகூடச் சொல்லவில்லை. வேலை நடக்கும் விதத்தைத்தான் பார்க்கவேணும்.

பிரான்ஸில் 50 பேருக்குக் குறையாத நிறுவனங்கள், வேலை முடிந்தபின் போனை அணைத்துவைக்கும் உரிமையைப் பற்றித் தொழிலாளரோடு பேசவேணும் என்ற சட்டம் 2017இல் நடைமுறைக்கு வந்தது. இங்கே நாம் அதைப்போல் கேட்பதென்றால் முதலில் கையில் விபரம் வேணும். அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு கிழமை, இரவில் எத்தனை மணிக்கு மெசேஜ் வந்தது, என்ன கேட்டார்கள் என்று பழைய கொப்பி ஒன்றில் குறித்து வாங்க. பெயர் எழுதவேண்டாம், நேரம் போதும். பிள்ளைகள் தயங்கினால் அம்மாமார் எழுதலாம். எத்தனை மணிக்கு அந்த வெளிச்சம் எரிகிறதென்று அவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்.