தண்ணீர் ஒத்துக்கொண்டதா?

வெளியூரில் குடியேறிய நம்மவரை, “தண்ணீர் ஒத்துக்கொண்டதா?” என்று சொந்த ஊரார் வினவுவது வழக்கம். அக்கேள்வியை நான் என் மீன்களிடம் கேட்க மறந்தேன். மொழிபெயர்ப்புப் பணியின் பொருட்டுப் புனேக்கு வந்த புதிதில், கண்ணாடித் தொட்டியொன்று வாங்கி, அன்று மாலையே ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியினத்துச் சிக்லிட் மீன்கள் ஆறினை அதில் விட்டேன். ஒரு வாரத்துக்குள் அனைத்தும் மாண்டன.

காரணம் பின்னரே விளங்கிற்று. மீன் கழிவில் எழும் அம்மோனியா மீனுக்கே நஞ்சு. அதனை நைட்ரைட்டாகவும், பின்பு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். அதுவரை தொட்டியில் மீன் கூடாது. நாள்தோறும் சிறிது மீனுணவு மட்டும் இட்டு வருதல் போதும்.

மலாவி ஏரி நீர் காரத்தன்மையுடையது. ஆதலின் தொட்டியில் சுண்ணாம்புக்கல் துண்டுகள் இடுதல் நலம். குழாய் நீரின் குளோரினையும் நீக்க வேண்டும். புனேயின் மார்கழி இரவுகளில் குளிர் 10 டிகிரியளவுக்கு இறங்குவதுண்டு. நீரை 25 டிகிரியில் நிறுத்தும் சூடேற்றி இன்றியமையாதது.

இவை நமக்கு அந்நியமல்ல. 1952இல் இந்தியாவுக்குக் கொணரப்பட்டு, நம் குளங்களில் ‘ஜிலேபிக் கெண்டை’ எனப் பெயர்பெற்ற ஆப்பிரிக்க மீன் இவற்றின் உறவே.

மறுமுறை ஆறு வாரம் பொறுத்தேன். சில மாதங்களில் தாய்மீன் ஒன்று, ஏறத்தாழ மூன்று வாரம் இரையின்றி வாயிலேயே காத்த குஞ்சுகளை வெளியே விட்டது. தண்ணீர் ஒத்துக்கொண்டது, நேயர்களே!